பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில்

டீக்கடை சேட்டு என் நாவலைப் படிப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. படித்ததோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. காலை பத்தரை மணிக்கு, பத்திரம் எழுத வந்தவர்கள் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, என் மேசைமேல் டம்ளரை டக்கென்று வைத்துவிட்டுக் கேட்டான்.

“யக்கா, அந்த அக்காக்காரி இன்னா பொம்பளை? கூடப் பொறந்தவ கொழந்தைய தூக்கிக்கினு வாசல்ல வந்து நிக்கிறா. பத்து நிமிசத்துல திருப்பி அனுப்பிட்டாளே, பாவி!”

என் பேனா தாளிலேயே நின்றது.

“எந்த அக்காக்காரி?”

“இன்னா யக்கா, எழுதினது நீ, என்னைக் கேக்குற? பவளத்தோட அக்காதான். ராத்திரி எனக்கு சோறு எறங்கல.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சேட்டு டீத் தூக்கை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டான்.

என் நாவலில் பவளத்தின் அக்கா சென்னையில் இருக்கிறாள். பவளம் அவள் வாசலுக்கு வரவே இல்லை. அப்படி ஒரு காட்சியை நான் எழுதவில்லை.

என் பெயர் தமிழ்ச்செல்வி. உத்திரமேரூரில், பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். இந்தத் தொழிலில் ஒன்றைச் சீக்கிரம் தெரிந்துகொள்ளலாம். நிலத்தில் தூர்ந்த கிணறு இருக்கும், பட்ட மாமரம் இருக்கும், அண்ணன் தம்பிக்குள் மூன்று தலைமுறைச் சண்டை இருக்கும். பத்திரத்தில் நாலு எல்லையும் அளவும்தான் இருக்கும். எழுதாத எதையும் எந்த ஆபீசரும் கேட்க மாட்டார். நாவலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன், என் புத்தி அவ்வளவுதான்.

‘பவளத்தின் ஆறு வருஷம்’ என்று தலைப்பு. காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் முந்நூறு பிரதி போட்டேன். பவளம் என்பது என் தங்கை அம்முலு. அதை ஊரில் எல்லோருக்கும் சொல்லித்தான் கொடுத்தேன். தாமலில் கட்டிக்கொடுத்த ஆறு வருஷம் அவள் பட்ட பாடு, அவள் புருஷன் மோகன்குமார் அடித்துவிட்டு மறுநாள் மல்லிகைப்பூ வாங்கிவருவது, சந்தேகத்தில் அவள் செருப்பின் மண்ணைப் பார்ப்பது, கடைசியில் ஒரு விடியற்காலையில் அவள் தாமல் ஏரி மதகுக்குப் பக்கத்தில் கிடந்தது எல்லாம் எழுதினேன். குதித்தாளா, தவறி விழுந்தாளா, விழ வைத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. போலீசில் கால் தவறி என்று எழுதி முடித்தார்கள். அவன் அடுத்த வருஷமே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு ஓசூர் பக்கம் போய்விட்டான்.

நாவலில் அக்காவைச் சென்னையில் குடிவைத்தது நான் யோசித்துச் செய்த வேலை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் அக்கா இருந்தால், தங்கை ஏன் அவளிடம் போகவில்லை என்று கேள்வி வரும். அதனால் தூரமாக வைத்தேன். ஒன்றும் தெரியாதவளாக வைத்தேன். சேதி வந்ததும் தலைவிரி கோலமாக ஓடிவந்து, தாயில்லாப் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொள்கிறவளாக எழுதினேன். எழுதும்போது நானே அழுதேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்வதென்றால், அந்தப் புத்தகம் எனக்கு நானே எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்.

நடந்தது வேறு. பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு அம்முலு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்படி அவள் புருஷனை விட்டு வந்து நிற்பது அது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. எனக்கு அலுத்துப்போயிருந்தது. அன்று எங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டும் நாள். காப்புக் கட்டும்போது யார் யார் ஊருக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் திருவிழா முடியும் பத்து நாளும் ராத்திரி வேறு ஊரில் தங்கக் கூடாது. அது எங்கள் ஊர்க் கட்டு. அவளை உட்காரவைத்தால் பத்து நாள் அவள் இங்கேதான். மூன்றாம் நாள் மோகன்குமார் குடித்துவிட்டு வந்து கூழ் ஊற்றும் இடத்தில் நின்று கத்துவான். முதல் காப்பு என் மாமனார் கையில் கட்டுவது வழக்கம். மானம் போய்விடும் என்று பயந்தேன்.

“காப்புக் கட்டறதுக்குள்ள கெளம்பிடு அம்முலு. திருவிழா முடியட்டும், நானே வந்து பேசுறேன்” என்றேன். முறுக்கை ஒரு பேப்பரில் கட்டிக் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். நான் கதவைச் சாத்தினேன். கோயிலில் பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சேதி வந்தது.

ஓடினேன், அது உண்மைதான். அவள் வீட்டில் குழந்தை ஒரு மஞ்சள் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பையில் அதன் கவுன்கள், அடியில் அம்முலுவின் புடவை ரெண்டு. செத்தவள் துணியை அக்கம்பக்கத்தார் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பையையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே ஊர் திரும்பினேன். தீட்டு என்று அந்த வருஷம் எங்கள் வீட்டில் கூழ் ஊற்றவில்லை.

அவள் வந்துபோனது என் புருஷன் வேதகிரிக்குக்கூடத் தெரியாது. அவரும் மாமியார் மாமனாரும் அன்று கோயிலில் இருந்தார்கள். தெருவே கோயிலில் இருந்தது. பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி செத்துப்போனாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குழந்தைதான் கீர்த்தி. எனக்கு வேறு பிள்ளை கிடையாது. இருபது வயசாகிறது, சென்னையில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல். தினமும் ராத்திரி சாப்பிட்டாயா பெரிமா என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பாள். அம்மாவைத் திருப்பி அனுப்பியது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்தால் அந்தக் குரல் எனக்கு இல்லை. பதினாறு வருஷமாக நான் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

அதனால் சேட்டு போனதும் கடையைப் பாதி சாத்திவிட்டு என் புத்தகத்தை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். பதின்மூன்றாம் அத்தியாயம் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் முடிகிறது. தொண்ணூற்றேழில் பதினான்கு தொடங்குகிறது, ஏரி வற்றி கொக்குகள் வந்து நிற்பதைப் பற்றி. நடுவில் ஒன்றுமில்லை. சேட்டு ஏதோ சீரியலையும் என் புத்தகத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டான் என்று மனசைத் தேற்றினேன்.

அடுத்த வாரம் பாக்கியமேரி வந்தாள். பக்கத்து ஊரில் அங்கன்வாடி டீச்சர். அவள் அம்மா வீட்டு மனையை அவள் பேருக்கு எழுதும் வேலை என்னிடம் நடந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து என் நாவலை எடுத்தாள். பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பள்ளிக்கூடத்துப் புத்தகம்போல வைத்திருந்தாள்.

“மேடம், ரொம்ப நல்லா எழுதிக்கீறீங்க. ஆனா அந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் ஏன் நம்பர் போடல?”

“எந்த அத்தியாயம்?”

“அக்கா வூட்டு அத்தியாயம். பதிமூணுக்கும் பதினாலுக்கும் நடுவுல வருதே.”

கடையில் அப்போது யாரும் இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. “எங்கே, படி பார்ப்போம்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் பக்கத்தைப் பிரித்து, குழந்தைகளுக்குப் படிக்கிற மாதிரி வரியில் விரல் வைத்துப் படித்தாள்.

“‘இடது கால் செருப்பின் வார் அறுந்து, அதில் ஊக்கு குத்தியிருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்படியே நடந்து வந்திருந்தாள். குழந்தை தோளில் வாய் திறந்து தூங்கியது. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே பேசினாள், கையை எடுக்கவில்லை. காப்புக் கட்டுவதற்குள் கிளம்பிவிடு என்றாள்.’”

நான் எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் விரல் இருந்தது தொண்ணூற்றேழாம் பக்கத்தில். மேலே ‘14’ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அவள் விரல் ‘கொக்குகள்’ என்ற சொல்லுக்கு அடியில் ஊர்ந்தது. வாய் ‘கதவு’ என்றது. ‘சேறு காய்ந்து வெடித்த’ என்ற இடத்தில் அவள் ‘முறுக்கைப் பேப்பரில் சுற்றி’ என்று படித்தாள். நிறுத்தாமல், தடுமாறாமல், கண்ணாடிக்குள் கண்கள் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தன.

ஊக்கு குத்திய செருப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் டைரியில்கூட எழுதியதில்லை. நானே மறந்திருந்தேன், அவள் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

“இங்க படிக்கும்போது மட்டும் பம்பை அடிக்கிற சத்தம் காதுல கேக்குது மேடம்” என்றாள் பாக்கியமேரி. “நான் சர்ச்சுக்குப் போறவ. எனக்கே அப்பிடிக் கீதுன்னா பாத்துக்கோங்க. நல்ல எழுத்துங்க உங்களுது.”

நான் தண்ணீர் குடித்தேன். “அந்த அக்காவைப் பத்தி நீ இன்னா நெனைக்கிற?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் நிற்கவில்லை.

“கெட்டவன்னு சொல்ல முடியல மேடம். ஆனா அவகிட்ட என் புள்ளைய உட மாட்டேன்” என்றாள். பிறகு மனைப் பத்திரத்தின் நகல் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் நான் செய்த காரியங்களை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. வீட்டிலிருந்த மிச்சப் பிரதிகளை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினேன். நூலகத்துக்குப் போய் அங்கிருந்த ரெண்டு பிரதியையும் என் பேரிலும் என் புருஷன் பேரிலும் எடுத்துக்கொண்டு வந்தேன். “உன் புஸ்தகத்தை நீயே எடுத்துக்கினு போறியாமே?” என்று வேதகிரி சாப்பிடும்போது கேட்டார். திருத்தம் இருக்கிறது என்றேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அவர் என் நாவலைப் படிக்கவே இல்லை, இதுவரை நான் கோபித்துக்கொண்டிருந்த விஷயம் அன்று புண்ணியமாகத் தெரிந்தது.

ராத்திரி சாப்பாட்டு நேரத்துப் போனில் கீர்த்தி சொன்னாள். “பெரிமா, என் ரூம்மேட் நிஷா உன் புக்க புத்தகக் கண்காட்சில வாங்கிட்டா. ரூம்ல தான் கீது. நான் காப்புக்கு வர்றதுக்குள்ள படிச்சிட்டு வரேன்.”

“வேணாம்டி. அம்மாவப் பத்தி எழுதினது, பரீட்சை நேரத்துல மனசு கஷ்டமா இருக்கும்.”

“பரீட்சை முடிஞ்சிச்சு பெரிமா” என்றாள்.

அதற்கப்புறம் வந்ததுதான் சடையப்பனின் கவர். அனுப்பியவர் ஐயங்கார்குளத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர். முத்து முத்தான எழுத்து. உள்ளே ஒரு கடிதமும், பதில் எழுத விலாசம் எழுதிய வெற்றுக் கார்டும் இருந்தன.

‘ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் நாவலை இரண்டு முறை வாசித்தேன். ஒரு குறை. அக்கா வீட்டுக் காட்சியின் கடைசி வரி என் பிரதியில் அச்சில் விழவில்லை. கதவு சாத்தப்படுகிறது. தங்கை தெருவில் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு குழந்தையின் காதில் ஒரு வாக்கியம் சொல்கிறாள் என்று இருக்கிறது. அந்த வாக்கியம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக உள்ளது. என் நண்பர் ஒருவரின் பிரதியிலும் அப்படியே. என்ன சொன்னாள் என்று தெரிவித்தால் என் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்வேன். நாற்பது வருஷம் அடுத்தவர் கடிதங்களைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தவன், இந்த ஒரு வரி தெரியாமல் தூக்கம் வரவில்லை.’

அந்தக் கார்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சேட்டு வைத்த டீ ஆடை படிந்து ஆறியது. எனக்கு அந்த வாக்கியம் தெரியாது. அவள் தெருவில் நின்றாள் என்பதே தெரியாது. கதவைச் சாத்தியதும் நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்ட வேண்டியிருந்தது. முதல் முறையாக, பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. என் தங்கை என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். என்னைத் திட்டினாளா? சாபம் விட்டாளா? விட்டிருந்தால் அது நியாயம்தான்.

காப்பு வெள்ளிக்கிழமை வந்தது. இந்த வருஷமும் ஐந்து மணிக்குக் காப்பு. மாமனார் இல்லை, முதல் காப்பு இப்போது வேதகிரிக்கு. அவர் மத்தியானமே வேட்டி மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். தெரு காலியாகிவிட்டது. நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீர்த்தி என்றால் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருவாள். இது மெதுவாக, ரெண்டே தட்டு. என் கை வாழைப்பூவிலேயே நின்றது. மறுபடியும் ரெண்டு தட்டு. எழுந்து போய்த் திறந்தேன்.

கீர்த்திதான். ஒரு தோளில் பை, கையில் என் நாவல். முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. உள்ளே வந்து பையைக் கதவோரம் வைத்தாள், வழக்கமாக வைக்கும் அறையில் வைக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

“சாப்டியா?” என்றேன்.

“பஸ்ல வரும்போது முடிச்சேன் பெரிமா. புக்க சொன்னேன்” என்றாள். தரையில் என் எதிரில் உட்கார்ந்தாள். “ரூம்ல நிஷா ஒரு அத்தியாயத்தப் படிச்சிட்டு அழுதா. பக்கத்து ரூம் பொண்ணு வாங்கிப் படிச்சா, அவளும் அழுதா. உங்க அம்மாவா இதுன்னு என்னைக் கட்டிக்கினாங்க. எந்த இடம்னு கேட்டேன். அக்கா வூட்டுக்கு வந்து திரும்பிப் போற இடம்னாங்க.”

நான் வாழைப்பூவை ஓரமாக நகர்த்தினேன்.

“நான் அதே புக்கத்தான் பெரிமா படிச்சேன். எனக்கு அந்த அத்தியாயம் இல்ல.” அவள் புத்தகத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். “பாரு. பதிமூணு முடியுது. அப்புறம் ரெண்டு தாள் வெள்ளையாக் கீது. அப்புறம் கொக்கு.”

என் கண்ணுக்கு வெள்ளைத் தாள் எதுவும் தெரியவில்லை. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. ஆனால் அவள் விரல் அந்த இரண்டுக்கும் நடுவில் எதையோ புரட்டியது. தாள் திரும்பும் சத்தம் எனக்கும் கேட்டது.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவளுக்குத் தெரியவில்லை. அம்முலு இவளுக்கு மட்டும் மறைத்துவிட்டாள். நான் தப்பித்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்து இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

“அது நான்தான் கீர்த்தி. உங்க அம்மா இங்கதான் வந்தா. உன்னைத் தோள்ல போட்டுக்கினு வந்தா. காப்புக் கட்டறதுக்குள்ள போயிடுன்னு நான்தான் அனுப்பிட்டேன். நீ தூங்கிக்கினு இருந்த.”

சொல்லிவிட்டேன். பதினாறு வருஷம் வயிற்றில் வைத்திருந்தது மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிட்டது.

கீர்த்தி தலையசைத்தாள். “தெரியும் பெரிமா.”

“இன்னா?”

“நான் தூங்கல. வழியிலயே அம்மா சொல்லிச்சு. வூடு வந்ததும் கண்ண மூடிக்கோ பாப்பா, தூங்குற புள்ளைய யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்கன்னு. நான் கெட்டியா மூடிக்கினேன். வாயக் கூடத் தொறந்து வெச்சிக்கினேன்.” அவள் புத்தகத்தை மூடினாள். “எனக்கு எதுக்கு அத எழுதிக் காட்டணும்? நான்தான் அங்க இருந்தேனே.”

சுவரில் சாய்ந்துகொண்டேன். நாலு வயசுக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. பதினாறு வருஷம் இந்த வீட்டில் என் கையால் சாப்பிட்டிருக்கிறது. சாப்பிட்டாயா பெரிமா என்று என்னைத் தினமும் கேட்டிருக்கிறது.

“ஏன்டி கேக்கல என்னை? ஒரு தபாவாவது ஏன் கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன். புக்கு எழுதுறேன்னு சொன்னியே, அதுல சொல்லுவேன்னு இருந்தேன்.” முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. “அதுல பெரிமாவ மெட்ராஸுக்கு அனுப்பிட்ட.”

கோயில் பக்கமிருந்து யாரோ மைக்கில் ஊதிப் பார்த்தார்கள். நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் காப்புக் கட்டிய பிறகுதான், அதில் அவள் ஏற முடியாது. ஏறினால் இப்போது ஏற வேண்டும். பை கதவோரம் தயாராக இருந்தது. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

“கதவ சாத்தினதுக்கு அப்புறம் அம்மா உன் காதுல இன்னாமோ சொன்னாளாமே. இன்னா சொன்னா?”

கீர்த்தி என்னைப் பார்த்தாள்.

“பெரிமாவுக்கு இன்னைக்கு வேலை ஜாஸ்தி, கோவிச்சிக்காத. நாளைக்குக் காலைல பெரிமா வந்து நம்ப ரெண்டு பேரையும் இட்டுக்கினு போவும்னு சொல்லிச்சு. வூட்டுக்குப் போனதும் மஞ்சப் பையில துணியெல்லாம் எடுத்து வெச்சிது. என்து மேல, அதோடது கீழ. காலைல நான் எழுந்து பாத்தப்ப அம்மா இல்ல. பைக்குப் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா சொன்ன மாதிரியே நீ வந்த.”

அந்தப் பை இன்னும் எங்கள் பரண்மேல் இருக்கிறது. அடியில் ரெண்டு புடவை, ஒரு ரவிக்கை, ஒரு சீப்பு. அக்கம்பக்கத்தார் கட்டிவைத்தது என்று நினைத்தேனே. சாகப் போகிறவள் மாற்றுப் புடவை எடுத்து வைப்பாளா? அவள் என்னோடு வருவதற்காகக் கட்டிவைத்த பையை, அவள் பொணத்தைத் தாண்டி நான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். திட்டியிருக்கக் கூடாதா அம்முலு. மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருக்கக் கூடாதா.

நான் வாய்விட்டு அழுதேன். கீர்த்தி என்னைத் தொடவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது, நின்றது, மறுபடி கிளம்பிப் போனது. அவள் கதவோரத்துப் பையைத் தூக்கி, உள்ளறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

“காப்புக்கு நேரமாவுது பெரிமா, மொகத்தக் கழுவு” என்றாள்.

பம்பை அடிக்க ஆரம்பித்தது. அன்று கேட்ட அதே அடி. எனக்குக் கோயிலுக்குப் போகத் தோன்றவில்லை. வாசலுக்குப் போனேன். கீர்த்தி வந்ததும் பழக்கத்தில் நான் போட்டிருந்த தாழ்ப்பாளை எடுத்தேன். ரெண்டு கதவையும் சுவரில் முட்டும்வரை தள்ளித் திறந்தேன்.

தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. வேப்பிலைத் தோரணம் ஆடியது. ஆள் நடமாட்டம் இல்லை.

“உள்ள வா அம்முலு” என்றேன். “காப்புக் கட்டறதுக்குள்ள வந்துடு.”

பின்னால் கீர்த்தி நின்றுகொண்டிருந்தாள். அவளும் தெருவைத்தான் பார்த்தாள். பம்பை உச்சத்துக்குப் போய் நின்றது, குலவைச் சத்தம் கேட்டது. காப்புக் கட்டிவிட்டார்கள். நாங்கள் அப்படியே நின்றோம். ரொம்ப நேரம் கழித்து அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் முதல் வேலையாகச் சடையப்பனின் கார்டை எடுத்தேன். ‘பெரிமாவுக்கு இன்னைக்கு வேலை ஜாஸ்தி, கோவிச்சிக்காத. நாளைக்குக் காலைல பெரிமா வந்து நம்ப ரெண்டு பேரையும் இட்டுக்கினு போவும்’ என்று அம்முலு சொன்னபடியே எழுதினேன். கீழே என் பெயரை எழுதி, ‘அக்கா’ என்று போட்டேன்.

சேட்டு டீ கொண்டுவந்தான். டம்ளரை இந்தத் தடவை மெதுவாக வைத்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“யக்கா, உன் கதைய நேத்து இன்னொரு தபா படிச்சேன். மொத தபா நான் சரியாப் படிக்கல போல கீது. அந்தப் பொம்பளைய உன்னாண்ட திட்டிட்டேன்.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“அவ திருப்பி வந்து கதவத் தொறக்கிறா யக்கா. ரெண்டு கதவையும் நல்லாத் தொறந்து, உள்ள வான்னு கூப்புடுறா.” அவன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தான். “ஆனா தெருவுல யாருமில்ல. அந்தப் பொண்ணு போயிட்டுக் கீது.”

“ஆமா சேட்டு” என்றேன். “போயிட்டா.”